நெற்றியில் அக்கி வந்தால் முதலில் கண் டாக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் அக்கியைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. சின்னம்மைக் கிருமிதான் வயதான காலத்தில் அக்கியாகத் திரும்ப வருகிறது, 50 வயதுக்கு மேல் அதிகம், கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள், பருத்தித் துணி உடுத்துங்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள் என்று எல்லாம் இருந்தது. கண் என்ற வார்த்தை மட்டும் ஒரு இடத்திலும் இல்லை. பேப்பரை என் மனைவியிடம் நீட்டினேன். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டு, "அப்போ எனக்கு வந்தது அக்கி இல்லையா?" என்று கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும், வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் மூக்கைப் பற்றி ஒன்று சொல்லியிருக்கிறேன், அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நாங்கள் பெங்களூர் அல்சூரில் 35 வருஷமாகக் குடியிருக்கிறோம். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்காரிக்கு 61 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை உண்டு. போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை காலையில் தலை வாரும்போது, இடது பக்கம் சீப்பு பட்டாலே நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது என்றாள். பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. தலையில் நீர் கோத்திருக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டேன். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் மதியம் புருவத்துக்கு மேலே சின்னச் சின்னதாக நாலைந்து கொப்புளம், சாயங்காலத்துக்குள் அது இருபதாகி மயிர் இருக்கிற இடம் வரைக்கும் ஏறிவிட்டது.

கீழ்வீட்டு கன்னடத்து அம்மா எட்டிப் பார்த்ததுமே "சர்ப்ப சுத்து" என்று சொல்லிவிட்டார். இங்கே அக்கிக்கு அதுதான் பெயர், பாம்பு சுற்றுகிறது, தலையும் வாலும் ஒன்று சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்காது என்பார்கள். போனில் என் அக்கா, "உடனே எழுதிடுடா, லேட் பண்ணாதே" என்றாள். ஊரில் எனக்குச் சின்ன வயதில் இடுப்பில் வந்தபோது குயவர் வீட்டுத் தாத்தா காவிமண்ணைக் குழைத்து, கோழி இறகால் தொட்டுத் தொட்டு எழுதினது எனக்கே ஞாபகம் இருக்கிறது, அந்தக் குளிர்ச்சி இன்றைக்கும் நினைத்தால் சுகமாகத்தான் இருக்கிறது. இங்கே குயவர்கள் இருக்கிற பாட்டரி டவுன் பக்கம் ஒருவர் எழுதுவார் என்று சொன்னார்கள், விசாரித்தால் அவர் போய்ச்சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. அந்த விசாரணையிலேயே ஒரு நாள் போயிற்று. எழுதுகிற பழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. இடுப்பிலோ முதுகிலோ வந்தால் எழுதினாலும் எழுதாவிட்டாலும் பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும், அதனால் எழுதினதால்தான் போனது என்று நம்புகிறோம், போகட்டும். ஆனால் நெற்றியில் வந்தால் அந்த ஒரு நாளுக்கு என்ன விலை என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இந்தப் பாம்புக் கதைக்கு ஒரு காரணம் உண்டு, அப்புறம் டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. என் மனைவியின் நெற்றியைப் பார்த்தால் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. இடது பக்கம் முழுக்கக் கொப்புளம், வலது பக்கம் சுத்தம், பொட்டு வைக்கிற இடத்தில் நின்றுவிட்டது. சின்னவயதில் அம்மை போட்டு இறங்கின பிறகு அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லையாம். முதுகெலும்பை ஒட்டியும் மண்டைக்குள்ளும் இருக்கிற நரம்பு முடிச்சுகளில் நாற்பது ஐம்பது வருஷம் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும். வயசாகி, சர்க்கரை ஏறி, உடம்பில் எதிர்ப்பு குறைகிறபோது ஏதோ ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு, அந்த நரம்பு எந்தெந்த இடத்துக்கு ஓடுகிறதோ அந்த வழியாகவே வெளியே வரும். நரம்பு நடுக்கோட்டைத் தாண்டாது, அதனால் பாம்பும் தாண்டாது, தலையும் வாலும் சேருவது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

சரி, முகத்தில் ஓடுகிற நரம்புக்கு மூன்று கிளை. மேல்கிளை நெற்றிக்கும் மேலிமைக்கும் மூக்குக்கும் கண்ணுக்கும் சேர்த்துப் போகிறது. ஒரே கிளை! நெற்றியில் கொப்புளம் என்றால் அதே கம்பியில் கண்ணும் கோத்திருக்கிறது என்று அர்த்தம். அக்கி வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர் இருவருக்கு இந்த மேல்கிளையில்தான் வருகிறதாம். இது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, உங்கள் அரைப்பக்கத்திலும் இல்லை.

இப்போது மூக்கு விஷயம். மூன்றாம் நாள் காலையில் அவளுடைய மூக்கு நுனியில், மூக்குத்தி போட்ட பக்கத்தில், சிவப்பாக ஒரு கொப்புளம் வந்தது. கடுகு அளவுதான் இருக்கும். நாங்கள் நெற்றியைப் பார்த்துப் பயந்தோமே தவிர மூக்கை யாரும் கண்டுகொள்ளவில்லை. மூக்கின் நுனிக்கும் பக்கவாட்டுக்கும் போகிற சின்ன நரம்பும் கண்ணுக்குள் போகிற நரம்பும் ஒரே வேரிலிருந்து பிரிகிறவை. அதனால் மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணும் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ரொம்ப அதிகம். இதை லண்டனில் ஹட்சின்சன் என்ற டாக்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதிவைத்துவிட்டார், இன்றைக்கும் அவர் பெயரில்தான் அந்த அடையாளத்தைச் சொல்கிறார்கள். மூக்கில் வரவில்லை என்றால் கண் தப்பித்தது என்று நினைத்துவிடவும் கூடாது, வராமலும் கண்ணைப் பிடிக்கும். ஆனால் மூக்கில் வந்துவிட்டால் அன்றைக்கே போக வேண்டும், நாளைக்கு நல்ல நாளா என்று பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

நாங்கள் எங்கே போனோம்? பக்கத்து கிளினிக்குக்கு. பெயர் வேண்டாம். டாக்டர் கூட்டத்துக்கு நடுவில் அரை நிமிஷம் பார்த்துவிட்டு ஏதோ அலர்ஜி என்று மாத்திரையும் பூசுவதற்கு ஒரு களிம்பும் எழுதினார். அதற்கு அடுத்த நாள் கண் சிவந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றேன், கவுண்டரில் இருந்த பையன் நான் சொல்லி முடிப்பதற்குள் "மெட்ராஸ் ஐ அங்கிள், இந்த டிராப்ஸ் போடுங்க" என்று கொடுத்துவிட்டான். 2023-ல் ஊரெல்லாம் கண்வலி பரவினதிலிருந்து சிவந்த கண் என்றாலே எல்லாருக்கும் அந்த ஒரு பெயர்தான் வாயில் வருகிறது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் 1918-ல் கண்டுபிடித்துச் சொன்னதால் அந்த நோய்க்கு நம் ஊர்ப் பெயர் வந்தது என்பார்கள், அதில் பெருமையோ கோபமோ பட்டுக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பெயர் இப்போது ஒரு மூடியாகிவிட்டது. எந்தக் கண் சிவந்தாலும் அதைப் போட்டு மூடிவிடுகிறோம்.

மெட்ராஸ் ஐ என்றால் பெரும்பாலும் ஒரு கண்ணில் ஆரம்பித்து மறு கண்ணுக்கும் போகும், தண்ணீராக வடியும், பீளை கட்டிக் காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், உறுத்தும். பார்வை அவ்வளவாகக் கெடாது. இவளுக்கு அப்படி இல்லை. ஒரு கண் மட்டும். பீளையே இல்லை. வலி கண்ணுக்குள்ளே ஆழத்திலிருந்து வருகிறது என்றாள், டியூப்லைட் போட்டால் அலறினாள், ஜன்னலுக்குப் புடவை கட்டி இருட்டாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவப்பும் வெள்ளைவிழி முழுக்க இல்லை, கருவிழியைச் சுற்றி வளையம் போல இருந்தது. இவ்வளவும் கண் முன்னால் இருந்தும் நான் அந்த டிராப்ஸை நாலு நாள் விட்டேன். விட்டதும் சிவப்பு குறைந்ததுதான் மோசம்! அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. சிவப்பை அமுக்கிவிட்டது, கிருமி உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷெட்யூல் ஹெச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டைப்பெட்டியில் சிவப்புக் கோட்டோடு போட்டிருக்கிறது, அதை அப்புறம் கண்ணாடி போட்டுப் படித்தேன்.

எட்டாவது நாள், பார்வை புகை மூட்டம் மாதிரி இருக்கிறது என்று சொன்னதும்தான் கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். வயதில் சின்ன டாக்டர் அம்மா, கன்னடத்துக்காரர், எங்களோடு அரைகுறைத் தமிழில் பேசினார். முகவாயை அந்த மெஷினில் வைக்கச் சொல்லி, மெல்லிய கோடு மாதிரி வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த திரையில் என்னிடமும் காட்டினார். லாவண்யா தியேட்டரில் அந்தக் காலத்தில் பால்கனியிலிருந்து புரொஜெக்டர் வெளிச்சம் போகும்போது அதில் தூசி மிதக்குமே, அச்சு அசல் அப்படி, கருவிழிக்கும் கண்பாப்பாவுக்கும் நடுவில் இருக்கிற தெளிந்த நீரில் பொடிப்பொடியாக மிதந்துகொண்டிருந்தது. அது தூசி இல்லை, ரத்தத்திலிருந்து கசிந்து வந்த வெள்ளை அணுக்கள். உள்கண் அழற்சி, அவர்கள் மொழியில் யுவியைட்டிஸ். கண் அழுத்தம் பார்த்தார்கள், 38. சாதாரணமாக 10-லிருந்து 21-க்குள் இருக்க வேண்டுமாம். கண்ணுக்குள் சுரக்கிற நீர் வெளியேறுகிற சல்லடையும் வீங்கிப்போனதால் அழுத்தம் ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் பார்வை நரம்பு பாழாகும், அது போனால் வராது. "ஸ்வல்ப முஞ்சே பரபேக்கித்து" என்றார், கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று. அந்த மூன்று வார்த்தையை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன், ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

கிருமியைக் கட்டுகிற அசைக்ளோவிர் மாத்திரை 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10 என்று காலண்டர் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினேன். பாப்பாவை விரிய வைக்க ஒரு சொட்டு, இல்லாவிட்டால் அது உள்ளே இருக்கிற லென்ஸோடு ஒட்டிக்கொள்ளுமாம், அதைப் போட்டதும் ஒரு கண் மட்டும் ராத்திரிப் பூனை மாதிரி ஆகிவிட்டது. அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அதைச் சாப்பிட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றாள். அப்புறம், ஸ்டீராய்டு சொட்டு. மெடிக்கல் ஷாப்காரன் கொடுத்ததும் அதே ஜாதி மருந்துதானே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது, கேட்டும் விட்டேன். அதே ஜாதிதான், ஆனால் கிருமியைக் கட்டுகிற மாத்திரையை உள்ளே கொடுத்துக்கொண்டு, அழுத்தத்தை அளந்துகொண்டு, எவ்வளவு என்று கணக்குப் பண்ணிப் போடுவது வேறு, கண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ஊற்றுவது வேறு என்றார். இதற்குச் சொந்தக்கார வைரஸ் இன்னொன்று இருக்கிறது, காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் கொப்புளமாக வருமே, அதுவும் கண்ணுக்கு வரும், கருவிழியில் மரக்கிளை மாதிரி புண்ணாக. அந்தப் புண்ணில் வெறும் ஸ்டீராய்டைப் போட்டால் நெருப்பில் எண்ணெய்.

பெரிய முட்டாள்தனம் இனிமேல்தான், அதுவும் எங்களுடையது. மூன்று வாரத்தில் பொருக்கு உதிர்ந்துவிட்டது, வலி குறைந்தது, கண் வெளுத்தது. ஸ்டீராய்டு சொட்டை நாலு தடவை, மூன்று தடவை, இரண்டு தடவை என்று மாதக்கணக்கில் இறக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார். மகள் வீட்டு விசேஷத்துக்கு ஓசூர் போன இடத்தில் சொட்டு தீர்ந்தது, "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டோம். பத்தே நாள். மறுபடியும் வளையம், மறுபடியும் புகை, அழுத்தம் 32. அக்கி தோலில் ஒரு தடவை வந்து போகிற சமாசாரமாக இருக்கலாம், கண்ணில் அப்படி இல்லை, மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் திரும்பித் திரும்பி வரும். இதற்காக அமெரிக்கா, கனடா, நியூசிலாந்தில் 527 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2024-ல் முடிவு சொன்னார்கள், அசைக்ளோவிர் இனத்து மாத்திரையான வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் தினமும் ஒரு வருஷம் சாப்பிட்டவர்களுக்கு, 18 மாதக் கணக்கில் கண் நோய் புதிதாக வருவதும் முற்றுவதும் 26 சதவீதம் குறைந்ததாம். ஒரு வருஷக் கணக்கில் பார்த்தபோது அவ்வளவு உறுதியான வித்தியாசம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் இதையெல்லாம் எங்களிடம் விளக்கி, சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று ரத்தம் பார்த்த பிறகு எழுதிக் கொடுத்தார். இப்போது ஐந்தாவது மாதம் ஓடுகிறது.

போன முறை போனபோது ஒரு பரிசோதனை செய்தார், அதை மறக்க முடியவில்லை. பஞ்சை நூல் மாதிரி முறுக்கி அதன் நுனியால் வலது கருவிழியைத் தொட்டார். தொட்டாரோ இல்லையோ, படக்கென்று இமை மூடி, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்புறம் இடது கண். பஞ்சு கருவிழியில் பட்டு நிற்பது எனக்குத் தெரிகிறது, அவள் நேராகப் பார்த்துக்கொண்டே, "எப்போ தொடுவீங்க டாக்டர்?" என்று கேட்கிறாள். நெருப்பாக எரிந்த நரம்பு செத்துப்போயிருக்கிறது. தோலில் வலி இன்னும் இருக்கிறது, முந்தானை நெற்றியில் உரசினால் முகத்தைச் சுளிக்கிறாள், ஆனால் கண்ணில் தூசி விழுந்தால் தெரியாது, புண் வந்தாலும் தெரியாது. அதனால் தினமும் காலையில் ஜன்னலோரம் நிறுத்திக் கண்ணைப் பார்ப்பது என் வேலை. கடுகு தாளிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மார்க்கெட் போக முதலில் வெட்கப்பட்டாள், இப்போது அது இல்லாமல் வாசலுக்குக்கூட வருவதில்லை.

இவ்வளவுக்கும் அந்த மாத்திரை ஒன்றும் கிடைக்காத அமிர்தம் இல்லை. அசைக்ளோவிர் நாற்பது வருஷத்துக்கு மேல் புழக்கத்தில் இருக்கிறது, அதை உருவாக்கிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மாவுக்கு 1988-லேயே நோபல் பரிசு கிடைத்தது. பெங்களூரில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இருக்கும். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், அவ்வளவுதான் சங்கதி. அதற்குப் பிறகும் கண்ணைப் பிடித்திருந்தால் கொடுப்பார்கள், எங்களுக்குக் கொடுத்த மாதிரி, ஆனால் அந்த மூன்று நாளை நாங்கள் தைலத்துக்கும் அலர்ஜி மாத்திரைக்கும் காவிமண் விசாரணைக்கும் கொடுத்துவிட்டோம். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு கே.ஆர். மார்க்கெட் பக்கம் மின்டோ கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, அரசாங்கத்துடையது.

தொற்றைப் பற்றியும் உங்கள் குறிப்பு சரியாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்து அவளை அழவைத்தோம். அக்கியிலிருந்து அடுத்தவருக்கு அக்கி வராது. கொப்புளத்து நீர் பட்டால், அம்மை போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம், அதனால் கைக்குழந்தை, அம்மை போடாத கர்ப்பிணி இவர்கள் பொருக்குக் கட்டும் வரை தள்ளி இருந்தால் போதும். மருமகள் மாசமாக இருந்ததால் அம்மா வீட்டுக்கு அனுப்பினோம், அது சரி, தட்டு வேண்டாத வேலை. இன்னொன்று, நாற்பது வயதுகூட ஆகாதவருக்கு நெற்றியில் அக்கி வந்தால் எச்ஐவி பரிசோதனைக்கும் எழுதுவார்கள். எதிர்ப்பு சக்தி ஏன் குறைந்தது என்று பார்ப்பதற்காகத்தான். அதைக் கேவலமாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் சண்டை போட்டு எழுந்து போன ஒருவரை நானே கண் ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்தேன், கண்ணோடு சண்டை போட்டு என்ன பிரயோஜனம்.

அக்கிக்கான தடுப்பூசி 2023-லிருந்து நம் நாட்டில் கிடைக்கிறது. 50 வயதானவர்கள் போட்டுக்கொள்ளலாம், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. இலவச ஊசிப் பட்டியலில் இல்லை, விலை ஆயிரக்கணக்கில், என் பென்ஷனுக்கு அது பெரிய தொகை. ஆனால் இந்த வருஷம் கண்ணுக்காக ஆன செலவைக் கூட்டிப் பார்த்தால் அதைவிடக் கூடுதல், ஆட்டோ சத்தத்தைச் சேர்க்காமலே. நான் என் முதல் ஊசியைப் போன வாரம் போட்டுக்கொண்டேன், கை இரண்டு நாள் வலித்தது, காய்ச்சல் அடித்தது, சரியாகிவிட்டது. அவளுக்கு, கண் அமைதியானதும் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் போட இடம் இருந்தால், 'தோல் மருத்துவரைப் பாருங்கள்' என்று எழுதின வரிக்குப் பக்கத்தில், நெற்றியிலோ இமையிலோ மூக்கிலோ வந்தால் அன்றே கண் மருத்துவரையும் பாருங்கள் என்று சேர்த்துவிடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் அவளும் இடது கண்ணால் முயற்சி செய்து பார்க்கிறேன் என்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், அல்சூர், பெங்களூரு
(பெயர் போட வேண்டாம், வீட்டில் உத்தரவு.)